ஒற்றை மணிக்கு நின்ற ஆறு பேர்

அத்தியாயம் பதினொன்று

அந்தச் சனிக்கிழமை காலை, தங்கச் சுரங்கத்தில் முதல் ஷிஃப்டுக்குக் கிளம்பிய ஆர்தர் அக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் தொடங்கியது அது. சண்டை என்று சொல்ல முடியாது. சென்னையிலிருந்து வந்த கடிதத்தை அக்கா லூயிசா வாசித்துக் காட்டினாள். அங்கே ஜனவரியில் திறக்கப்போகும் பெண்கள் பயிற்சிக் கல்லூரிக்கு, டிரில்லும் பந்தாட்டமும் கற்றுத்தர ஒரு தமிழ்ப் பெண் வேண்டுமாம். அதுவரை அந்த வேலைக்கு வெள்ளைக்காரப் பெண்களைத்தான் கப்பலேற்றி வரவழைத்தார்கள். ஆர்தர் கடைசிவரை கேட்டான். பிறகு ஒன்றுதான் சொன்னான்.

"நீ போனா வின்னியும் உன் பின்னாடியே வந்துடுவா. அப்பறம் பூமி ஆடுச்சுன்னா எனக்கு யாரு ஆள் நிப்பாங்கக்கா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. வேறு எதைப் பற்றியும் பேச முடியாமல் போயிற்று.

ஆள் நிற்பது கம்பெனியின் சட்டம் அல்ல, சுரங்கத் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீட்டுக்காரர்களின் வழக்கம். ஆழத்தில் பாறை வெடித்துப் பூமி ஆடினால், கீழே இருப்பவனுடைய வீட்டிலிருந்து ஒருவர் சுரங்கக் குழியான ஷாஃப்ட்டின் கேட்டுக்கு ஓட வேண்டும். ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டான கேஜ் மேலே வந்ததும், அதற்கு மணியடிக்கும் பெல்மேன் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவான். வீட்டு ஆள் "இருக்கோம்" என்று குரல் கொடுத்த பிறகுதான் அந்த மனிதன் கேட்டைத் தாண்டுவான். குரல் வராவிட்டால் அங்கே அடுக்கியிருக்கும் மரத்தின்மேல் உட்கார்ந்திருப்பான். யாராவது வரும்வரை உட்கார்ந்திருப்பான்.

ஆர்தர் டிம்பர்மேன். கீழே பாறைக்கு மரத்தால் முட்டுக் கொடுப்பது அவன் வேலை. மனைவி பிளேக்கில் போய் எட்டு வருடம். அவனுக்கு ஆள் நிற்க இந்த உலகத்தில் இருந்தது இரண்டே பேர், அக்காவும் மகள் வின்னியும்.

காலையில் தொப்பியில் மெழுகுவர்த்தி குத்தக் களிமண் பிசைந்துகொண்டே அவன் மகளிடம் கேட்டது அடுப்படியிலிருந்த லூயிசாவுக்குக் கேட்டது.

"ஆட்டம் எத்தினி மணிக்கு?"

"ஒரு மணிக்கு நைனா. பெங்களூர் பொண்ணுங்க பன்னெண்டு மணி ரயில்ல வராங்க."

"எனக்கு ரெண்டு மணிக்குத்தான் ஷிஃப்ட் முடியும். கடைசிதான் பாக்க முடியும்."

வின்னி நம்பாமல் பார்த்தாள். "நீங்க வரப்போறீங்களா?"

"ஏன், டிக்கெட் வாங்கணுமா?"

லூயிசா அடுப்பை ஊதினாள். தேவையே இல்லை, அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

மிஷன் பள்ளியின் டீச்சர் டிரெயினிங் வகுப்பில் அவள் பந்தைக் கொண்டுவந்து ஆறு வருடம் ஆகிறது. இரண்டு கம்பம், கம்பத்துக்கு ஒன்றாக இரண்டு பீப்பாய் வளையம். கிளப்பில் வெள்ளைக்காரர்கள் கழித்துக் கட்டிய பந்தை ஆண்டர்சன்பேட்டைச் செருப்புத் தைப்பவர் தைத்துத் தந்தார். பக்கத்துக்கு ஏழு பேர், பந்தை வளையத்துக்குள் போட்டால் ஒரு புள்ளி, அவ்வளவுதான் ஆட்டம். முதல் மாதம் நான்கு தாய்மார்கள் வந்தார்கள். ஒருத்தி, "ஓடி ஓடி என் பொண்ணு காலு உலக்கையாட்டம் ஆயிடுச்சு, எவன் கட்டுவான்?" என்றாள். லூயிசா அந்தப் பெண்ணை அடுத்த நாளும் ஓடவைத்தாள்.

தாதுக் கல்லை நொறுக்கும் ஸ்டாம்ப் மில்லின் இரைச்சலில் மைதானத்தில் விசில் எடுபடாது. அதனால் தேய்ந்துபோன துளையிடும் கம்பி ஒன்றை வேப்பமரத்தில் தொங்கவிட்டு, இன்னொரு இரும்பால் அடித்தாள். கேஜுக்கு அடிக்கும் மணிக் கணக்குத்தான். ஒன்று என்றால் நில். இரண்டு என்றால் இறங்கு. மூன்று என்றால் ஆட்களோடு ஏறு. மைதானத்தில் இரண்டுக்கு ஆட்டத்தை விட்டு வெளியேறு, மூன்றுக்கு முன்னேறி ஆடு. அந்தப் பெண்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. தொட்டிலில் கேட்டு வளர்ந்த கணக்கு. ஒரு மணி கேட்டால் எடுத்த கால் அந்தரத்தில் நிற்கும்.

போன வருடம் ஊரிகத்தில் நடந்த கண்காட்சி ஆட்டத்தில், வேலி ஓரம் நின்ற சில குமாஸ்தாக்கள் சிரித்தார்கள் என்று பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மைதானத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். புதிய கல்லூரிக்கு ஆள் எடுக்கும் சென்னைக் கமிட்டி அதைக் குறித்துவைத்திருந்தது. 'இந்தப் பெண்களால் ஓர் ஆட்டத்தை முடிக்க முடியாது.' இன்றைக்கு மிஸ் ஹோல்டன், அந்தப் புதிய கல்லூரியின் பிரின்சிபால், ஒரே ஒரு விஷயத்தைப் பார்க்கத்தான் வந்திருந்தாள். ஜெயிக்க வேண்டும் என்றுகூட இல்லை. முடிக்க வேண்டும்.

ஆட்டம் சரியாக ஒரு மணிக்குத் தொடங்கியது.

பெங்களூர்ப் பெண்கள் பூட்ஸ் போட்டிருந்தார்கள். நம் பெண்கள் வெறுங்காலில், புடவையைக் கணுக்காலுக்கு மேல் ஊக்குப் போட்டு நிறுத்தியிருந்தார்கள். வேலிக்கு வெளியே சின்னக் கூட்டம். யாரோ சிரித்தார்கள். கேப்டனான வின்னி அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மரியகுழந்தை மட்டும் பார்த்தாள்.

"மரியா, பந்தைப் பாரு!"

"பாத்துகினுதான் கீறேன் டீச்சர். எங்க சித்தப்பாதான் சிரிக்கிறாரு. சாயங்காலம் வெச்சுக்கிறேன்."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த மிஸ் ஹோல்டன் இது புரிந்து சிரித்தாள். நல்ல சகுனமாக லூயிசாவுக்குப் பட்டது.

இரண்டு மணி ஆகப்போகும்போது இரண்டு பக்கமும் ஆறு ஆறு புள்ளி. இன்னும் எட்டு நிமிடம். பந்து மரியகுழந்தையின் கையில் இருந்தது.

அப்போது பூமி ஆடியது.

காலுக்குக் கீழே யாரோ ஒரு பெரிய பெட்டியை இழுத்ததுபோல இருந்தது. பள்ளிக்கூட ஓடுகள் கலகலத்தன. மரத்துக் காக்கைகள் மொத்தமாக எழுந்தன. பெங்களூர்ப் பெண்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டார்கள். பெரிய ஷாஃப்ட்டின் சங்கு விட்டுவிட்டு ஊதத் தொடங்கியது.

வேலிக்கு வெளியே லைன் வீட்டுப் பெண்கள் ஓடினார்கள். குழாயடியில் குடத்தைப் போட்டுவிட்டு, பாதி எண்ணெய் தேய்த்த தலையோடு, மாவுக் கையோடு. யாரும் கத்தவில்லை. இந்த ஓட்டத்தில் யாரும் கத்துவதில்லை.

நம் ஏழு பெண்களும் வேலிப் பக்கம் திரும்பினார்கள்.

லூயிசாவின் கை இரும்பை எடுத்து அடித்தது. ஒன்று.

ஆறு பேர் நின்றார்கள்.

மரியகுழந்தையும் நின்றாள், ஒரு மூச்சு நேரம். லூயிசாவைப் பார்த்தாள். பிறகு பந்தைக் கீழே வைத்தாள். வீசவில்லை, வைத்தாள். வேலியின் இடுக்கில் புகுந்து ஓடிப்போனாள்.

நின்றுகொண்டிருந்த ஆறு பேரில் நால்வரின் அப்பன்மார் கீழே இருந்தார்கள். வின்னியின் கண்கள் அத்தையின் கையில் இருந்தன. இரண்டு அடித்தாலும் மூன்று அடித்தாலும் கேட்கும் கண்கள். அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டே லூயிசா மூன்று அடித்தாள்.

ஏறு.

அவர்கள் ஏறினார்கள். ஆறு பேராக, ஏழு பேருக்கு எதிராக. வின்னி இரண்டு முறை வளையத்தில் போட்டாள். எட்டு நிமிடம் முடிந்து நடுவர் கை தூக்கியபோது எட்டுக்கு ஆறு. ஜெயித்த பெண்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. ஊக்கைக்கூட அவிழ்க்காமல் வேலியைத் தாண்டி ஓடினார்கள்.

மிஸ் ஹோல்டன் எழுந்து வந்து லூயிசாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய தமிழ் புத்தகத்தில் படித்த தமிழ்.

"ஒரே ஒரு மணி. ஆறு பெண்களும் சிலைபோல் நின்றார்கள். பூமி அதிர்ந்தபோதும்! இத்தகைய ஒழுங்கை நான் இங்கிலாந்திலும் கண்டதில்லை."

லூயிசா வேலிப் பக்கம் பார்த்தாள், மிஸ் ஹோல்டனும் திரும்பிப் பார்த்தாள்.

"அவர்கள் ஏன் இப்போது ஓடுகிறார்கள்?"

"கீழே ஆட்கள் இருக்காங்கம்மா. பார்க்கப் போறாங்க."

"ஓ. ஆட்டத்தை முடித்துவிட்டு! மிக நன்று." மிஸ் ஹோல்டன் பையிலிருந்து ஒரு சிறு நோட்டை எடுத்தாள். "வேலை உங்களுடையது. ஜனவரியில் உங்கள் பெண்கள் சென்னை வந்து ஆடிக் காட்ட வேண்டும். அந்த ஆறு பேர். ஓடிப்போன பெண் வேண்டாம். என் ரயில் ஐந்து நாற்பதுக்கு. அதற்குள் உங்கள் பதிலை எழுத்தில் தாருங்கள். கமிட்டிக்கு நான் கொண்டுபோக வேண்டும்."

ஆறு வருடமாக லூயிசா கேட்க விரும்பிய வார்த்தைகள் அவை. ராத்திரி பாயில் படுத்துத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்த வார்த்தைகள். இப்போது காதில் விழுந்தபோது வேறு யாருக்கோ வந்த கடிதத்தைத் தான் பிரித்துவிட்டதுபோல இருந்தது.

ஷாஃப்ட்டுக்கு நடக்கும்போது அவள் தனக்காக ஒரு சமாதானம் தயாரித்தாள். பெண்கள் பயந்து ஒருவர்மேல் ஒருவர் விழக்கூடாது என்றுதான் முதல் மணி அடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. கோரமண்டல் சுரங்கத்துக்குப் போகும் பாதையின் திருப்பம்வரை அந்தச் சமாதானம் தாங்கியது. அப்புறம் தாங்கவில்லை. முதல் மணிக்குக் காரணம் சொல்லலாம். மூன்று அடித்ததற்கு என்ன சொல்வது? பூமி ஆடியது தெரியும். தம்பி கீழே இருந்தது தெரியும். எட்டு நிமிடம் பாக்கி என்பதும் தெரிந்தது. மூன்றையும் ஒரே சமயத்தில் நினைத்தாள். எட்டு நிமிடத்தை முதலில் நினைத்தாள்.

இதை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

கேட்டில் பாதிக் கூட்டம் கலைந்திருந்தது. வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். கம்பியோரம் நின்றிருந்த சம்பங்கி அவளைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்தாள். சம்பங்கியின் புருஷன் காத்தவராயன் ஆர்தரோடு ஜோடியாக முட்டுக் கொடுப்பவன்.

"இன்னா டீச்சரம்மா, ஆட்டம் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது சம்பங்கி. ஆர்தர்?"

"உன் தம்பி மொத கேஜிலயே வந்துட்டாரு. என் வூட்டுக்காரரு இன்னும் வரல. ரெண்டு பேருக்கும் நடுவுல கல்லு வுழுந்துடுச்சாம்."

ஆர்தர் அடுக்கு மரத்தின்மேல் உட்கார்ந்திருந்தான். தலை முதல் கால் வரை சேறு. நெற்றியில் ஒரு கீறல். பக்கத்தில் வின்னி நின்றாள். அவள் அவனைத் தொடவில்லை. கொஞ்சம் தள்ளி மரியகுழந்தை தன் அப்பா ஏசுபாதத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

ஆர்தர் நிமிர்ந்தான். "யாரு கெலிச்சது?"

அவன் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"நம்ம பொண்ணுங்கதான்."

"எத்தினி?"

"எட்டுக்கு ஆறு. கடைசி ரெண்டும் வின்னி போட்டது."

அவன் தலையாட்டினான். "பாக்கணும்னு இருந்தேன்."

ஏசுபாதம் துண்டால் வாயைத் துடைத்தார். "இவ இருக்காளே, மரியா, அவ பண்ணத கேளுங்க டீச்சரம்மா. பெல்மேன் என் பேரைக் கூப்பிட்டான். 'இருக்கோம்'னா. சரி. ஆர்தர் பேரைக் கூப்பிட்டான், அதுக்கும் 'இருக்கோம்'னா, ஆர்தர்தான் காத்தவராயன் வராம போகமாட்டேன்னு உக்காந்துட்டான். அப்பறம் கொர்னேலியஸ், அவன் பொண்ணும் உங்க டீமுதான், அதுக்கும் இவதான். பெல்மேன் கேக்கறான், 'ஏம்மா, நீ எத்தினி வூட்டுப் பொண்ணு?'ன்னு."

"ஏழு பேர்ல ஒருத்தியாவது வரணும் இல்ல?" என்றாள் மரியகுழந்தை. பிறகு டீச்சரைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "மணி அடிச்சப்ப ஓடிட்டேன் டீச்சர். தப்புதான். டீமிலேர்ந்து எடுத்துடுவீங்களா?"

லூயிசா வாய் திறக்கப்போனாள்.

அதற்குள் கேட்டுக்குள்ளிருந்து ஃபோர்மேன் கூப்பிட்டான். கல்லை எடுக்க ஆள் வேண்டும், அந்த இடம் தெரிந்த டிம்பர்மேனாக வேண்டும். ஆர்தர் எழுந்து புது மெழுகுவர்த்தியைக் களிமண்ணில் குத்தினான்.

"நைனா, இப்பதானே மேல வந்தீங்க!"

"காத்தவராயன் எனக்காகக் காத்துகினு கீறான்மா." அவன் அக்காவைத் தாண்டிப் போனான். இரண்டடி போய்த் திரும்பாமல் நின்றான்.

"ஆர்தர், நான் நிக்கிறேன்" என்றாள் லூயிசா.

"சரிக்கா."

ஆட்டத்தைப் பற்றி இரண்டு கேள்வி, இந்த ஒரு வார்த்தை, ஆறு நாளைக்குப் பிறகு அவன் அவளிடம் பேசியது அவ்வளவுதான்.

மணி மூன்றானது, நான்கானது. சம்பங்கி கீழே உட்காரவில்லை. லூயிசாவும் உட்காரவில்லை. பக்கத்தில் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றார்கள். நடுவில் ஒருமுறை சம்பங்கி கேட்டாள்: "அவ்ளோ பெரிய ஆட்டமா அது?" லூயிசா யோசித்துப் பார்த்து, "ஆமா" என்றாள். பொய் சொல்லத் தோன்றவில்லை. சம்பங்கி தன் முந்தானையில் முடிந்திருந்த வெற்றிலையில் பாதியைக் கிள்ளிக் கொடுத்தாள்.

பந்தை எடுத்துவைக்கப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்த வின்னி ஐந்து மணிக்கு ஓடி வந்தாள். கையில் மிஸ் ஹோல்டனின் நோட்டுத் தாளும் பென்சிலும்.

"அத்தை, ஜட்கா வண்டி வந்துடுச்சாம். பதில் கேட்டு அனுப்பினாங்க."

லூயிசா தாளை வாங்கிக் கேட் தூணில் வைத்து எழுதினாள். எழுத அதிக நேரம் ஆகவில்லை. மூன்று மணி நேரமாக அதைத்தான் மனதுக்குள் எழுதிக்கொண்டிருந்தாள். மடிக்காமல் வின்னியிடம் நீட்டினாள்.

"படி."

வின்னி படித்தாள்.

'என் ஆட்டக்காரர்கள் ஏழு பேர். முதல் பெயர் மரியகுழந்தை. இன்று நான் அடித்த மணி தவறு. இந்தப் பெண்களின் தகப்பன்மார் ஆபத்தில் இருப்பது தெரிந்தே அடித்தேன். நீங்கள் பாராட்டிய ஒழுங்கு அவர்களுடையது, தவறு என்னுடையது. இதைத் தெரிந்துகொண்ட பிறகும் அழைத்தால் வருகிறேன்.'

"வேலை கெடைக்காது அத்தை."

"கெடைக்காம போகலாம்."

"அப்பறம் எதுக்கு எழுதறீங்க? அவங்களுக்கு ஒன்னும் தெரியாது."

"எனக்குத் தெரியுமில்ல."

வின்னி தாளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பதினேழு வயது. மத்தியானத்திலிருந்து முகம் வீங்கியிருந்தது.

"ஏழுன்னு போட்டுகீறீங்க. ஆறுன்னு மாத்துங்க."

"ஏன்?"

"நான் வரல. உங்க மேல கோவத்துல சொல்லல." அவள் உதட்டைக் கடித்தாள். "நீங்க மூணு அடிச்சப்ப எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? நைனா ஞாபகம் வந்துச்சு. ஆனா பந்து கைக்கு வந்ததும் போயிடுச்சு அத்தை. போட்டு முடிச்சப்பறம்தான் திரும்ப வந்துச்சு. நான் இன்னா மாதிரி பொண்ணு?"

லூயிசா அவளை அணைத்துக்கொள்ளவில்லை. அணைத்தால் இருவருக்கும் சுலபமாகப் போய்விடும்.

"என்னை மாதிரிதான்" என்றாள்.

வின்னி அதை வாங்கிக்கொண்டாள். பிடித்ததா பிடிக்கவில்லையா என்று முகத்தில் தெரியவில்லை.

"இனிமே நீங்க ஒரு மணி அடிச்சா நான் நிக்க மாட்டேன்."

"நிக்காதே. இப்ப ஓடு, ஜட்கா போயிடும். ஏழுங்கறது ஏழாவே இருக்கட்டும். நீ வரலன்னா அதை நீயே வந்து அவங்ககிட்ட சொல்லு."

வின்னி திரும்பினாள்.

அப்போது ஷாஃப்ட்டின் மணி அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று.

ஆட்களோடு ஏறு. சம்பங்கி கம்பியை இரண்டு கையாலும் பற்றினாள். மேலே பெரிய சக்கரம் அசைந்து சுழலத் தொடங்கியது. கயிறு எண்ணெய் பளபளக்க ஏறியது. சம்பங்கி வாயைத் திறந்து வைத்துக்கொண்டாள், பெயரைக் கூப்பிட்டதும் சொல்ல. லூயிசாவும் தன் நாக்கில் அந்த ஒற்றைச் சொல்லைத் தயாராக வைத்திருந்தாள்.

கயிறு பாதி ஏறியிருக்கும்.

மறுபடி மணி அடித்தது.

ஒன்று.

சக்கரம் நின்றது. கேட்டில் இருந்த அத்தனை பேரும் நின்றார்கள். கையில் காகிதத்தோடு ஓடத் தொடங்கிய வின்னியும், எடுத்த காலைக் கீழே வைக்காமல் நின்றாள்.